அரிசி டிரம்மில் ஒரு லேப்டாப்

இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பவர்களை நம்பாதீர்கள். நானே அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு வேலை தேடினேன் (அதாவது, மதியம் வரை தூங்கினேன்). மீதி நேரமெல்லாம் டிப்ஸ் வீடியோ. பற்பசை தேய்த்தால் செல்போன் கீறல் போகும் என்று கேட்டு அப்பாவின் போனைத் தேய்த்ததில், கீறல் இருந்தது, எழுத்துகள்தான் மங்கிவிட்டன.

இந்த நேரத்தில் மலர் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வடலூர், வேலை புனேவில். அவருடைய அம்மாவும் அங்கேதான். நேரில் வருவதற்கு முன் ஞாயிறு காலை வீடியோ காலில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. போட்டோவை நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் பார்த்ததில் எங்களுக்கே தெரிந்துவிட்டது.

கால் பேசப்போவது அவள் லேப்டாப்பில். அதன் கீபோர்டு முழுக்க நிலக்கரி மைன்ஸ் தூசி. 'வினிகர் கலந்த தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடைக்கவும்' என்றது ஒரு வீடியோ. துணி என்ற சொல் என் காதில் விழவில்லை. நேராகத் தெளித்தேன். லேப்டாப் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

நான் பதறவில்லை. அதற்கும் ஒரு வீடியோ இருந்தது: அரிசி ஈரத்தை உறிஞ்சும்.

மறுநாள் உலை வைக்கப் போன அம்மா கத்தினார். (அம்மா பிறந்தது பக்கத்துக் கிராமமான வடக்குத்து. கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வரும்.)

“இன்னாடா இது, அரிசில கைய வுட்டா பொட்டி இருக்குது?”

“ஈரத்தை இழுக்கும்மா. சயின்ஸ்.”

“அது வண்டு புடிச்ச அரிசிடா! பொடைக்கலாம்னு வெச்சிக்கினு இருக்கேன்.”

வண்டு பற்றி வீடியோவில் எதுவும் இல்லை. ஆகவே பரவாயில்லை என்று முடிவெடுத்தேன்.

ஞாயிறு காலை லேப்டாப் உயிர்பெற்றது. “போன்லயே பேசிடலாமே” என்றார் அப்பா. “பெரிய ஸ்க்ரீன்தாம்பா மரியாதை” என்றேன்.

பத்து நிமிடம் எல்லாம் நன்றாகவே போனது. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, “என்னைப் புடிச்சிருக்குங்களா?” என்று கேட்டார். அக்கா தலைகுனிந்து, சிரித்து, வாயைத் திறந்தாள்.

லேப்டாப் சூடேறியதில், உள்ளே குடியிருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதில் ஒரு வண்டு நேராகக் கேமரா மேலேயே ஏறியது. அரிசி அளவு வண்டு, திரையில் ஆமை அளவில் அக்காவின் நெற்றியைக் கடந்தது.

“ஐயோ, பொண்ணு மேல இன்னாங்க அது, தேளா?” என்று அலறினார் மாப்பிள்ளையின் அம்மா.

தேள் என்றதும் அக்கா குதித்தாள். அப்பா துண்டால் ஓங்கி அடித்தார். லேப்டாப் தரையில் விழுந்தது. கால் கட்.

“கெடுத்துட்டியேடா” என்றாள் அக்கா. கண் நிறைந்திருந்தது. என்னிடம் அதற்கு ஒரு டிப்ஸும் இல்லை.

அப்பாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மாதான். எங்கள் அம்மா போனை வாங்கி, நடந்ததை அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே ஒரு நிமிடம் ஆனது.

“அரிசில வசம்பு போட்டு வைங்கம்மா, வண்டே வராது.”

“வேப்பிலை போட்டுப் பாத்தேங்க, நிக்கல.”

அரைமணி நேரம் இருவரும் வண்டைப் பற்றியே பேசினார்கள். கல்யாணம் என்ற வார்த்தையே வரவில்லை. கடைசியில் அந்த அம்மா, “பொண்ணுகிட்ட போனக் குடுங்க. எம் புள்ள கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியாம்” என்றார்.

அக்கா போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். தை மாதம் கல்யாணம். லேப்டாப் மட்டும் பிழைக்கவில்லை.

சில வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். “நம்ம மச்சான் லேப்டாப்புலயே வண்டு வளர்த்தவருங்க” என்று அக்கா வீட்டுக்காரர்தான் என்னை அறிமுகப்படுத்தினார். காபித் தட்டோடு வந்த பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி ஒப்புக்கொள்வதாக இல்லை.