களைப்புச் சட்டம்

"வேலை போனா போவுது தம்பி. உயிரு இருக்குதே, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு ராஜம்மாள் ஒரு சொம்புக் கூழோடு உள்ளே வந்தாள். கிருபானந்தம் அப்போதுதான் பாயை விரித்துத் தலையைச் சாய்த்திருந்தான்.

"யாருக்கு வேலை போச்சு?"

"உனுக்குத்தான். வேலை நாள்ல, பட்டப்பகல்ல, வூட்ல படுத்துக்கினு இருக்கியே?"

கிருபானந்தம் எழுந்து உட்கார்ந்தான். கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் அவனுக்கு வேலை. அணு உலை இருந்தது வேறு கட்டிடம். அவன் பார்த்தது அதற்குத் துணையாகத் தனியே நின்ற ஒரு பாய்லரை. ஆனால் அவன் வீடு இருந்த சத்துவாச்சாரியில் அவனை எல்லோரும் அணுக்காரர் என்றுதான் சொன்னார்கள். அவனும் திருத்தியதில்லை.

"வேலை போகலக்கா. புதுசா ஒரு சட்டம் போட்டிருக்காங்க. களைச்ச ஆளு மிஷின்ல கை வைக்கக்கூடாது. நான் அளவுக்கு மேல ஷிப்ட் பார்த்துட்டேனாம். அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் தூங்கிட்டு வான்னு சம்பளத்தோட அனுப்பிட்டாங்க."

ராஜம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் வூட்டுக்காரரு இருவது வருசமா தோல் ஷாப்புல ஈரத்தோல் தூக்குறாரு. முதுகு கொக்கி மாதிரி வளைஞ்சிடுச்சி. ஒரு நாளாவது 'பஞ்சாட்சரம், களைச்சிட்டே, போய்த் தூங்கு'ன்னு ஒருத்தன் சொல்லியிருப்பானா? மனசுல இருக்கறத மறைக்காத தம்பி. கூழக் குடி."

கிருபானந்தம் கூழைக் குடித்தான். அவள் போய்விட்டாள். தூக்கமும் போய்விட்டது.

அவனுக்கு அந்தத் தூக்கம் ரொம்ப முக்கியம். திங்கட்கிழமை நிலையத்து டாக்டர் அவனைப் பரிசோதிப்பார். ஓய்வு எடுத்தவனாகத் தெரிந்தால் மறுபடி ஷிப்ட். இல்லையென்றால் ஸ்டோர்சில் நட்டும் போல்ட்டும் எண்ண வேண்டியதுதான். ஸ்டோர்ஸ்காரனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. கல்யாணமானதிலிருந்து பெண்டாட்டி இங்கே, அவன் அங்கே என்று பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கை கழிந்திருந்தது. இந்த முறைதான் குவார்ட்டர்ஸ் பட்டியலில் அவன் பெயர் மேலே வந்திருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்த பெண்டாட்டி ஜெயபுஷ்பம் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாங்க இது? ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு அழுவுறாங்க. ஊரெல்லாம் உங்களுக்கு வேலை போச்சுன்னு பேச்சு!"

"நிஜத்தைத்தான் சொன்னேன். யாரும் நம்பல."

"நம்பற மாதிரியா இருக்குது நிஜம்? பேசாம உடம்பு சரியில்லன்னு சொல்லிடுவோம். அதுல ஒரு கௌரவமாவது இருக்கும்."

சொன்னார்கள்.

மறுநாள் காலை பால்காரி கெங்கம்மாள் கேட்டுக்குள்ளேயே வரவில்லை. செம்பை மதில் மேல் வைக்கச் சொல்லி, தூர நின்று கை நீட்டிப் பால் ஊற்றினாள். "அணு பட்டுடுச்சாமே? எங்கூட்ல கறவை மாடு இருக்குதும்மா, தப்பா நினைச்சிக்காத" என்றாள். பத்து மணிக்குள் தெருப் பிள்ளைகள் ஜன்னலில் குவிந்துவிட்டார்கள். அணுக்காரர் இருட்டில் மின்னுவாரா என்று அவர்களுக்குள் பந்தயம். கதவைச் சாத்தினால்தானே இருட்டாகும், சாத்துங்கள் மாமா என்று ஒருவன் உரிமையோடு கேட்டான்.

மதியம் சபையிலிருந்து ஜெபக்குழு வந்தது. தேவகிருபை டீச்சர் தலைமை. அவர் ஜெபத்தை ஆதாமிலிருந்து தொடங்குகிறவர்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரனுக்கு நல்ல தூக்கத்தைத் தாரும்!" என்று தொண்டை கிழியக் கேட்டார். தூங்குவதுபோல் கண்ணை மூடிப் பார்த்தான் கிருபானந்தம். "ஐயோ, மயக்கம் போட்டுட்டாரு!" என்று எல்லோரும் சேர்ந்து உலுக்கி எழுப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இனி ஒரே வழி, நன்றாக இருப்பதைத் தெருவே பார்க்கும்படி காட்டிவிடுவது. அடுத்த நாள் விடிந்ததும் அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குப் போனான். வரிசையில் நின்ற அத்தனை குடங்களுக்கும் தானே அடித்தான். பாரம் தூக்கி வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தான். கேட்காதவர்கள் வீட்டிலும் வைத்தான்.

"அட பாவமே, வேலை போன ஏக்கத்துல புத்தி பிசகிடுச்சி" என்றாள் ராஜம்மாள்.

ஜெயபுஷ்பம் அன்றைக்கே அவன் துணிகளைப் பையில் அடைத்தாள்.

"ஆம்பூருக்குப் போங்க. எங்க அண்ணன் வூட்ல மாடி ரூம் சும்மாதான் கெடக்குது. அங்க உங்கள யாருக்கும் தெரியாது. போயி நல்லாத் தூங்குங்க."

அண்ணன் மோசஸுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை. வாசலில் கிருபானந்தத்தைப் பார்த்ததும் அவன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான்.

"மாப்ளே! கர்த்தரே அனுப்பிச்சாரு உன்னை! பாய்லர்காரன் லீவுன்னு போனவன் வந்தே சேரல. சுடுதண்ணி இல்லாம சாயம் ஏத்துற டிரம் எல்லாம் நின்னுபோச்சு. சர்டிபிகேட் உள்ள ஆள்தான் பத்த வைக்கணும். உன்கிட்ட இருக்குது இல்ல?"

"மச்சான், நான் தூங்க வந்தேன்."

"ரெண்டே அவர் மாப்ளே. அப்புறம் நீ தூங்கு, நானே விசிறுறேன்."

முதலாளி இஷ்தியாக் அகமது அவனைத் தோளில் கைபோட்டு வரவேற்றார். "அணுவையே அடுப்புல வைக்கறவரு நீங்க. எங்க விறகு அடுப்பு உங்களுக்கு இன்னா ஜுஜுபி சார்!"

இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாயபு பிரியாணி வரவழைத்தார். பிரியாணி சாப்பிட்டவன் உடனே எழுந்து போவது மரியாதை இல்லை. ஒரு டிரம் முடிந்தால் அடுத்த டிரம் உருண்டது. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்காம்.

"சாயபு, எட்டு மணி நேரம் தாண்டிடுச்சு. எங்க சட்டப்படி இதுக்கு மேல ஒருத்தன் வேலை செஞ்சா ஆபத்து" என்றான் கிருபானந்தம், விறகை உள்ளே தள்ளியபடி.

"சட்டமா? இன்னா சட்டம்?"

அவன் சொன்னான். விறகு தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சுமையை இறக்கிவிட்டுக் கேட்டார்கள். ஒருவருக்கொருவர் முதுகில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். டீ நேரத்தில் அடுத்த செக்‌ஷனிலிருந்தும் ஆள் வந்தது. "சார், அந்தக் களைப்புச் சட்டத்த இன்னொரு தபா சொல்லுங்க. சம்பளத்தோட தூங்கச் சொல்வாங்கன்னு வருதே, அந்த எடத்துலேர்ந்து."

அவன் சொல்லச் சொல்ல, அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வயதான ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஊருக்கு எந்த பஸ்ல போவணும்?" என்று கேட்டார்.

மாடி ரூமை அவன் பார்க்கவே இல்லை. சரக்கு லாரி ஏறும்வரை அடுப்பை அணைக்க யாரும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவேண்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். "உனக்கும் சேர்த்து நான் போய்ட்டு வர்றேன் மாப்ளே" என்று மோசஸ் போய்விட்டான்.

திங்கட்கிழமை நிலையத்து மருத்துவ அறைக்குள் நுழைந்தபோது கிருபானந்தத்தின் கண்கள் மிளகாய்ப் பழமாக இருந்தன. உடம்பெல்லாம் விறகுப் புகை வாடை. குவார்ட்டர்ஸை மனதுக்குள் அவன் ஏற்கெனவே காலி செய்துவிட்டிருந்தான்.

டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். கை தானாக விறகு தள்ளியது.

"நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?"

"எ... எடுத்தேன் டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். மூலை பெஞ்சில் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு முரட்டு ஆளைக் காட்டினார்.

"உங்க இடத்துக்குக் காண்ட்ராக்ட்ல போட்ட ஆளு. காண்ட்ராக்ட்காரங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. நீங்க போனதுலேர்ந்து இவர்தான் தொடர்ந்து பார்த்தாரு. இருக்கற ரெண்டு பேர்ல நீங்கதான் தேவலை. தகுதின்னு எழுதிடறேன், உள்ள போங்க."

கிருபானந்தத்துக்குக் கண் கலங்கியது. குவார்ட்டர்ஸ் கிடைத்த மாதிரிதான். நன்றி பொங்க அந்த ஆளின் தோளைத் தொட்டு எழுப்பினான்.

"எழுந்திருங்க அண்ணே. நான் வந்துட்டேன். வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

அந்த ஆள் திடுக்கிட்டு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, செருப்பைத் தேடினான்.

"தூங்கறதா? அட போங்க சார், நான் ஆம்பூருக்கு ஓடணும். எங்க இஷ்தியாக் சாயபு ஷாப்புல நான் இல்லாம பாய்லர் பத்த வைக்க ஒரு ஆள் கிடையாது!"