ட்ருகனினாவில் மோர் மிளகாய் உலர்த்தும் முறை

எல்லா விதிமுறைகளையும் அறிந்த ஒருவரை வீட்டில் சும்மா உட்கார வைப்பது ஆபத்து. அனல் மின் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற நான் இதைச் சொன்னால், ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னில் ஜூன் பிறந்தால் புல்கூட வளரலாமா என்று யோசிக்கும். அதன் புறநகரான ட்ருகனினாவில் மகள் நித்யாவின் வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த கத்தரியும் மிளகாயும் ஓய்ந்துபோயின. வேலையில்லாத விவசாயி குளிர்காலத்தில் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று யூடியூபில் தேடினேன். தாடிக்காரர் ஒருவர் அடுக்கினார்: சோப்பு காய்ச்சலாம், மெழுகுவத்தி வார்க்கலாம், ரொட்டி சுடலாம், காய்களை உலர்த்தலாம். சோப்புக்குக் காஸ்டிக் சோடா வேண்டும் என்றதும் நித்யா தடை போட்டாள். உலர்த்துவதற்கு வேண்டியது காற்றும் கொஞ்சம் சூடும்தானே? கடைசியாகப் பறித்த மிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் ஊறப்போட்டேன்.

வெயிலுக்கு எங்கே போவது? (இந்த ஊர்ச் சூரியன் குளிர்காலத்தில் பார்ட் டைம்.) அப்போதுதான் நடைவழிச் சுவரின் அடியில் இருந்த கம்பி வலை கண்ணில் பட்டது. ஹீட்டர் வீட்டுக் காற்றை அதன் வழியாக உள்ளிழுத்து, சூடாக்கி, கூரைத் துவாரங்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பும். ஓயாமல் காற்று ஓடும் இடம்! வலைக்குப் பின்னால் இருந்த ஃபில்டர் அந்தக் காற்றை மட்டுப்படுத்தியது. கழற்றிக் கழுவி, கராஜில் காயப்போட்டேன். (கழுவ வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. திரும்ப மாட்ட வேண்டும் என்றும் இருக்கிறது.) மிளகாய்த் தாம்பாளங்களை வலையை ஒட்டி வைத்தேன்.

சில நாட்களில் மிளகாய் சருகானது. தொட்டால் விதை உதிர்ந்தது. உதிர்ந்த விதைகள் எங்கே போகின்றன என்று ஆராய்ந்திருக்கலாம். தரை சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட்டேன்.

விற்பனைக்கு விட்டிருந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் வாரம் அது. நித்யாவும் மாப்பிள்ளை கார்த்திக்கும் நகரின் மறுகோடியில் ரோவிலில் வேறு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இது விற்காவிட்டால் அதுவும் கைநழுவும்.

"அப்பா, சனிக்கிழமை வரைக்கும் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. வீட்ல வாசனையே வரக் கூடாது."

"உலர்த்தலாமா?"

"அதுல என்ன வாசனை வரப்போகுது?"

(முறையான அனுமதி. குறித்துக்கொள்ளவும்.)

சனிக்கிழமை காலை மிளகாயை எல்லாம் டப்பாவில் அடைத்துக் கையோடு எடுத்துக்கொண்டேன். உரிமையாளர்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்பதால் எதிர்ப்பக்கம் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஹீட்டரைக் கஞ்சத்தனமாக வைத்தே பழகியவர்கள். நீலக் கோட்டு போட்ட ஏஜென்ட், வருகிறவர்கள் குளிரில் நடுங்கக் கூடாது என்று அதை உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறார்.

முதலில் போன இளம் தம்பதி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"வீடு அவ்வளவு பிடிச்சிருச்சு போல," என்றார் கார்த்திக்.

அடுத்த குடும்பம் இருமிக்கொண்டே ஓடி வந்தது. அதன் பின்னால் ஏஜென்ட், டையால் மூக்கைப் பொத்தியபடி.

நித்யா மெதுவாகத் திரும்பினாள். "அப்பா. எல்லாத்தையும் டப்பால போட்டாச்சுன்னீங்களே?"

"மிளகாயப் போட்டாச்சும்மா. விதைதான்..."

சொல்லும்போதே விளங்கிவிட்டது. வலை உறிஞ்சிய விதையெல்லாம் ஹீட்டரின் வயிற்றுக்குள் வறுபட்டுக்கொண்டிருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. நெடி எல்லா அறைகளுக்கும் ஒரே அளவில் போயிருக்குமா என்று பார்க்கும் ஆசைதான் முந்திக்கொண்டது. உள்ளே ஓடி ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்தேன். ஒவ்வோர் அறையிலும் நின்று இருமிப் பார்த்தேன். ஒரே அளவுதான். மிக நேர்மையான கருவி.

வாசலுக்கு வந்தபோது புதிதாக ஓர் இலங்கைத் தமிழ்த் தம்பதி நின்றிருந்தார்கள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"ஐயோ, மோர் மிளகாய்! அங்கிள், சோறும் தயிரும் இருக்கே?"

கண்ணீர் வழிய வீடு முழுவதையும் பார்த்தார்கள். பின்புறத் தோட்டத்தில் கணவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை தும்மிவிட்டு, சிரித்துக் கையசைத்தார்.

"பாத்தீரே? இவ்வளவு நெடிக்கும் மனுசன் ஒண்டும் கேக்கேல்ல," என்றார் மனைவியிடம். "இப்ப இருக்கிற இடத்தில மீன் பொரிச்சாலே வந்து கதவைத் தட்டுறாங்கள்."

"ஓம், நல்ல அயல்," என்று அவளும் இருமினாள்.

அவர்கள்தான் வீட்டை வாங்கினார்கள். வேறு யாரும் கேட்கவே இல்லை என்பதை நித்யா இன்றும் எனக்கு நினைவூட்டுவாள்.

இப்போது ரோவிலில் இருக்கிறோம். கம்பி வலைப் பக்கம் நான் போனாலே பேத்தி, "தாத்தா, ஸ்டெப் பேக்!" என்கிறாள். ஹீட்டரின் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்யும் முறையைப் படிப்படியாக எழுதி ட்ருகனினாவுக்கு அனுப்பினேன். அவர்களும் ஆள் வைத்துச் செய்தார்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் முதல் குளிர் விழும் மாலையில் போன் வரும். நித்யா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுவாள். அந்தப் பக்கம் குடும்பமே இருமும் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணின் குரல் கேட்கும்:

"அங்கிள், ஹீட்டர் போட்டனாங்கள். நீங்களும் வந்திட்டியள்!"