கேஜ் டிரைவர் முனிரத்தினம் பிரெஞ்சுப் படம் பார்த்த பலன்

மாரிக்குப்பம்,
தங்க வயல்.

அன்புள்ள மைத்துனர் மனோகருக்கு,

உன் மாமா முனிரத்தினம் எழுதுவது. குடியாத்தத்தில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் உன் அக்கா பாப்பம்மாவும் உயிரோடு இருக்கிறோம். போன வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அது அவ்வளவு நிச்சயமாக இல்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம். வலது மணிக்கட்டு பிசகியிருப்பதால் இடது கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எல்லாம் நம் சுனிதாவால் வந்தது. பெங்களூரிலிருந்து லீவில் வந்த மகள் சும்மா இருக்காமல் டிவியில் ஒரு பழைய பிரெஞ்சுப் படம் போட்டாள். கறுப்பு வெள்ளை. ஒரு கடிகாரக் கடைக்காரன், அவன் பெண்டாட்டி தினமும் நாலு மணிக்குப் பவுடர் பூசிக்கொண்டு வெளியே போகிறாள், இவன் மழையில் நனைந்தபடி பின்னாலேயே போகிறான், எவனோடோ சிரித்துப் பேசுகிறாள், இவன் அந்த ஆளைச் சுட்டே விடுகிறான். கடைசியில் பார்த்தால் செத்தவன் அவள் கூடப்பிறந்த அண்ணன்! "வாயத் தொறந்து கேட்டிருந்தா இன்னா?" என்றாள் உன் அக்கா. "ஆம்பள மனசு உனக்கு இன்னா தெரியும்?" என்றேன் நான்.

சுனிதா ரயிலேறிப் போய்விட்டாள், படம் மட்டும் என் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் நாலு மணிக்கு உன் அக்கா பவுடர் பூசிக்கொண்டு, "பாக்கியவதி வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினாள். கால் மணி நேரத்தில் அந்த பாக்கியவதியே வந்து, "பாப்பம்மா இல்லீங்களா?" என்று கேட்டால் என் நெஞ்சு என்ன ஆகும்? அன்று முதல் மங்கி குல்லா மாட்டிக்கொண்டு, மே மாத வெயிலில், அவள் பின்னாலேயே நடந்தேன். சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே இடிந்த சுவர் இருக்கிறதே, அதன் பின்னால் போவாள். அங்கே ஆனந்தன் காத்திருப்பான். சர்வேயராக இருந்தவன், மனைவியை இழந்தவன், மீசைக்கு மை வேறு. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு வந்தது சிரிப்புச் சத்தம் மட்டும்தான். முப்பது வருஷம் சுரங்கத்தில் மணிச் சத்தத்தை வைத்தே கேஜ் கூண்டில் மேலே வருவது ஆளா கல்லா என்று சொன்னவன் நான். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் குடையைத் தூக்கிக்கொண்டு, "டேய் ஆனந்தா!" என்று சுவரைச் சுற்றி ஓடினேன். எதிரே, சத்தமே போடாத பேட்டரி ஸ்கூட்டரில் உன் அக்கா! பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டாள். நான் தரையில் கிடந்தேன்.

"ஐயோ, இன்னாங்க, பேசுங்க! உங்க முட்டிக்கு பஸ் ஏற முடியல, வண்டியில பேத்தமங்களா ஏரிக்குக் கூட்டினு போலாம்னுதானே ஆனந்தன் அண்ணன்கிட்ட ஓட்டக் கத்துக்கினேன்!" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிடலாம்போல இருந்தது.

"இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றாள்.

"ஆடு தேடி வந்தேன்" என்றேன்.

"நம்மகிட்ட ஆடே இல்லியே?"

மனோகர், நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளைச் சந்தேகப்பட்டேன் என்று தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவள் கேட்டால், நீ எனக்கு ஓர் ஆடு அனுப்பியதாகச் சொல்லிவிடு.

குழந்தைகள் நன்றாகப் படித்து, பிரெஞ்சுப் படம் பார்க்காமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
முனிரத்தினம்

பின்குறிப்பு: தம்பி, நான் அக்கா. கவரை ஒட்டச் சொல்லி எங்கிட்டயே கொடுத்தாரு, படிச்சிட்டுதான் ஒட்டறேன். நான் பின்னின குல்லா எனக்குத் தெரியாதா? மொத நாளே பாத்துட்டேன். ஆனந்தன் அண்ணனை சத்தமா சிரிக்கச் சொன்னதே நான்தான். வண்டி ஓட்ட மூணு நாள்லயே வந்துடிச்சி. மத்த நாளெல்லாம் போனது இவரு பின்னாடி வர்றாரேன்னுதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் என்னைத் தேடினு வந்ததே இல்ல. நாளைக்கும் நாலு மணிக்குக் கிளம்பப் போறேன்.