இருபதாம் திகதிவரை மூச்சு விடாதே

உரும்பிராய்,
ஞாயிறு பின்னேரம்.

கனடாவில் பனியோடு மல்லுக்கட்டி வாழும் அன்புத் தங்கை றஜனி அறிவது,

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம், என் முழங்கால் நீங்கலாக. உங்கள் சுகத்துக்கும் நாள்தோறும் மன்றாடுகிறோம்.

என் மகள், உன் மருமகள் நிரோஜா, இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு கம்பனிக்குப் பெருவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகள் செதுக்கிக் கொடுக்கிறாள். வெளிநாட்டில் வளர்ந்த ஆம்பிளையள் மேசையில் படை பரப்பி விளையாடுவதற்காம். அடுத்த படை இருபதாம் திகதிதான் வெளிவருமாம். அதுவரை மூச்சுவிட்டால் வேலை போய்விடும் என்று கையெழுத்தும் வைத்திருக்கிறாள். “பொம்மைக்கு ஏன் பிள்ளை இவ்வளவு ஒளிப்பு?” என்று கேட்டேன். “புதுசு வருகுதெண்டு தெரிஞ்சால் கடையிலை கிடக்கிறதை ஆரப்பா வாங்குவினம்? மற்றவங்கள் பாத்து முந்திச் செய்துபோடுவாங்கள். சொன்ன நாளுக்கு வராட்டில் அதுக்கும் ஏச்சு” என்றாள். உடனே விளங்கிவிட்டது. உனக்கு விசா வந்ததைச் சொன்னால் கண்படும் என்று, பல்லுப் பிடுங்கக் கொழும்புக்குப் போகிறாய் என்றுதானே நாங்களும் ஊருக்குச் சொன்னோம்? அருமைநாயகி அக்கா இன்றைக்கும் உன் பல்லை விசாரிக்கிறா.

முப்பத்தாறு வருஷம் தபாலதிபராக இருந்து, ஒருவரின் தபாலட்டையையும் வாசிக்காத என்னிடமிருந்து ரகசியம் போகுமா என்று மார்தட்டினேன், கேள், இன்று காலை சேர்ச்சுக்கு வெளிக்கிட்டு நிற்க, அவள் மேசைக்குக் கீழே ஒரு பொம்மை, கண்ணாடி போடாததால் ஆளைத் தெரியவில்லை, மிதிபடாமல் சேட்டுப் பொக்கற்றில் போட்டு மறந்துபோய், காணிக்கை எடுக்கும்போது கையில் வந்ததைத் தட்டில் போட்டுவிட்டேன்! ஆராதனை முடிய, பொருளாளர் கிறகோரி அதைத் தூக்கிப் பிடித்து, “இது ஆற்றை?” என்கிறார். என்னுடையது என்றால் பிள்ளையின் வேலை போச்சு. சபையோ அது மோசேயா கோலியாத்தா என்று வாதாடுகிறது. “உந்த மூக்கை எங்கையோ கண்டிருக்கிறன்” என்று கிறகோரி என்னையே பார்க்க, “என்ரை பேரப்பிள்ளையின்ரை, தாரும்!” என்று பறித்துக்கொண்டு ஓடிவந்தேன். நிரோஜாவுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை என்பது பாதிவழியில்தான் நினைவு வந்தது.

“பிள்ளை, உன்ரை வேலையிலை மண்ணைப் போட்டிட்டன்” என்று அழாக்குறையாகச் சொன்னேன். அவள் சிரிக்கிறாள். “முதல்லை கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ.” பார்த்தேன். வழுக்கை, மூக்கு, தோளில் தபால்பை! “படைக்குக் கடிதம் கொண்டு போற கிழவர். உங்களைப் பாத்துத்தான் செதுக்கினனான்.” றஜனி, சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் மச்சாள் றோஸ் மட்டும், “வண்டி காணாது” என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

சந்திக்குச் சந்தி நின்று சொல்ல வேண்டும்போல் வாய் துடிக்கிறது. ஆனால் இருபதாம் திகதி! உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். மச்சானுக்கும் சொல்லாதே.

உங்கள் வீட்டையும் அதைச் சூடாக்கும் இயந்திரத்தையும் கர்த்தர் காப்பாராக.

அன்புள்ள அண்ணை,
கனகரட்ணம்

பி.கு.: செவ்வாய். கடிதத்தை ஒட்டப் போக நிரோஜா வந்து, “படை போன வெள்ளிக்கிழமையே வந்திட்டுதப்பா. உங்கடை வாய் முந்திக்கொள்ளுமெண்டு, உங்களுக்குச் சொன்ன திகதிதான் பொய்” என்கிறாள். கிறகோரியும் சனிக்கிழமையே அதைப் போனில் பார்த்துவிட்டாராம். உரும்பிராயில் இந்த ரகசியத்தைக் காத்தது நான் ஒருவன்தான்! ஆகையால் கனடா முழுக்கச் சொல்லு, மூக்கையும் காட்டு. நானும் சொல்லத் தொடங்கிவிட்டேன். அந்த வேகத்தில் அருமைநாயகி அக்காவுக்கு உன் பல்லின் உண்மையையும் சொல்லிப்போட்டன்.