மாமரத்துக்கு வந்த மிசின் வாள்

ஜும்ஆ தொழுது பள்ளிவாசல் படியிறங்கும்போதே மீராமுகைதீன் முழங்கிவிட்டார்.

"நாளைக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் நம்மட வளவுக்கு வாங்க! அந்தப் பெரிய மாமரம் இரிக்கில்லியா? பத்தே நிமிசம்! மிசின் வாளால அடியோட சாய்க்கிறன்!"

சாய்ந்தமருது ஊரே வாயைப் பிளந்தது. இழுவாள் பிடித்து இரண்டு பேர் இரண்டு நாள் அறுக்க வேண்டிய மரம் அது. மரக்காலையில் பலகைக்கு அளவு சொல்லும் மீராமுகைதீனுக்கு மிசின் வாள் பைத்தியம் பிடித்து ஒரு மாதமாகிறது. கல்லோயாவில் காடு வெட்டியவர்கள் கழித்துப்போட்ட பழைய வாள் அது. தன் சைக்கிளையே அதற்கு மாற்றாகக் கொடுத்துவிட்டு, வாளைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்திருந்தார்.

ஒரேயொரு சிக்கல். வீடு, வளவு, மாமரம் எல்லாமே மனைவி நாச்சியாவுடையவை. கல்யாணத்தின்போது அவளுடைய வாப்பா எழுதிக் கொடுத்தவை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பாதித் தெரு தாண்டிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். செய்தி அவருக்கு முன்பே நுழைந்திருந்தது.

"மாமரம் வெட்டப் போறியளாம்?" நாச்சியா தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது புள்ள... ஒரு பேச்சுக்கு..."

"வெட்டுங்க."

மீராமுகைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருசக் குடித்தனத்தில் அவர் கேட்டு அவள் உடனே சம்மதித்தது இதுதான் முதல் தடவை. அதுவும் கேட்காமலே!

"ஆனா முதல்ல அந்த வேம்ப வெட்டிக் காட்டுங்க. மாரியில விழுந்து ஆறு மாசமா குசினி வாசல்ல கிடக்கு. நானும் கோடரியக் காட்டிக் காட்டிக் களைச்சுப் போனன். கிடக்கிற மரத்த வெட்டாத வாள், நிக்கிற மரத்த வெட்டுமா?"

"வேம்பா? வாழத்தண்டு மாதிரி வெட்டும் புள்ள!"

சனிக்கிழமை காலையில் மீராமுகைதீன் சாரத்தை மடித்துக் கட்டினார். மிசினின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒன்றுமில்லை. பத்துத் தரம் இழுத்தார். நாற்பது தரம் இழுத்தார். தோள்மூட்டு கழன்றதுதான் மிச்சம். மிசின் "க்கும், க்கும்" என்றது.

"சளி புடிச்ச புள்ள மாதிரிச் செருமுது," என்றாள் நாச்சியா.

"செருமல் இல்ல புள்ள! ஸ்டாட்டாகப் போகுது!"

ஆகவில்லை. பிளக்கைக் கழற்றினார். ஈரமாய், கரிபிடித்துக் கிடந்தது. துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய பெற்றோலைக் கொட்டிவிட்டு, புதுப் பெற்றோலில் அளவாக ஒயில் கலந்து ஊற்றினார். மிசின் "கிர்ர்" என்றது. உடனே மௌத்தாகிவிட்டது.

"காத்துப் போற வழி எங்க?" என்று கேட்டாள் நாச்சியா. மூடியைத் திறந்தால், கல்லோயாக் காட்டு மரத்தூள் முழுக்க காற்று வடிகட்டியில்தான் இருந்தது.

"மூக்கடைச்சா மனிசனுக்கே மூச்சு வராது. தாங்க, நான் கழுவுறன். பல்லுச் சங்கிலியையும் கழட்டித் தாங்க, மண்ணெண்ணெயில ஊறவெச்சுப் பூட்டி வைக்கிறன். நீங்க தொழுதிட்டு வாங்க."

மீராமுகைதீன் உருகிப்போனார். பொஞ்சாதி என்றால் இவள் அல்லவா பொஞ்சாதி!

அவர் பள்ளியிலிருந்து திரும்பியபோது வளவு நிறைய ஆட்கள். ஒரே ஒரு இழுப்புத்தான் இழுத்தார்.

அலறியது பாருங்கள்! கோழிகள் கூரையில் ஏறின. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்து வளவு றஸாக் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு துள்ளினான். மீராமுகைதீனும் துள்ளினார், சந்தோசத்தில். "பாத்தியளா! பாத்தியளா!" என்று கத்திக்கொண்டே வாளை வேம்பில் வைத்து அழுத்தினார்.

புகை வந்தது. இன்னும் அழுத்தினார். இன்னும் புகை வந்தது. மரத்தூள் ஒரு சிட்டிகைகூட வரவில்லை.

"மீராமுகைதீன் காக்கா, மரம் வெட்டுறியளா, சுருட்டுப் பத்துறியளா?" என்றான் றஸாக். "இது வெட்டுற மிசினா, வெட்டி மிசினா?"

வளவே சிரித்தது.

"சூடேறல்ல! மிசின் எண்டா சூடேறோணும்!" அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். எந்தப் பல்லு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. மறுபடி வைத்து அழுத்தினார். புகைதான் கூடியது. திங்கட்கிழமை மரக்காலையில் எப்படி முகம் காட்டுவது? மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது நாச்சியா குரல் கொடுத்தாள். "சங்கிலி அறுந்தா பல்லுப் பறக்கும்! கண்ணுல பட்டாக் கண் போயிடும்! எல்லாரும் வேலிக்கு அங்கால போங்க!"

கண்ணுக்குப் பயந்து எல்லாரும் வெளியே ஓடினார்கள். கிடுகு வேலிக் கதவைச் சாத்திவிட்டு அவள் கோடரியை அவர் கையில் திணித்தாள்.

"நான் விசைய அழுத்துறன், மிசின் கத்தட்டும். நீங்க கோடரியப் போடுங்க. வெளியில ஆருக்குத் தெரியும்?"

"நாச்சியா! நீ மனிசியில்ல, வானத்து மலக்கு!"

பலகைக்கட்டையில் சாவகாசமாக உட்கார்ந்து அவள் விசையை அழுத்தினாள். கோடரி இறங்கும்போதெல்லாம் மிசின் அலறியது. வேலிக்கு வெளியே, "யா அல்லாஹ், என்ன வேகம்!" என்று சத்தம் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க மீராமுகைதீனுக்கு வெறி ஏறியது. அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது வேம்பு முழுக்க விறகாகி, குசினிச் சுவரோரம் அடுக்காக நின்றது. அவருடைய உள்ளங்கைகளில் பாக்குப் பாக்காகக் கொப்புளம்.

கதவு திறந்தது. றஸாக் மிசினைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையோடு ஒதுங்கி நின்றான். யாரோ கத்தினார்கள்: "இனி மாமரம்!"

"மாமரம்! மாமரம்!"

மீராமுகைதீன் மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். நான்கு வேம்பு பருமன்.

"காய்க்கிற மரத்த வெட்டுறது பாவம்!" என்று முழங்கினார். "நான் இரிக்கும் வரைக்கும் இந்த மரத்துல ஆரும் கை வைக்கப்படாது!"

"எல்லாருக்கும் முன்னால சத்தியமாத்தான் சொல்றியளா?" நாச்சியா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டபடி பணிவாகக் கேட்டாள்.

"வல்லாஹி! சத்தியம்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அவர் பாயில் கிடந்தார். பக்கத்து வளவில் மிசின் அலறியது. பிறகு மடமடவென்று ஒரு மரம் சாய்கிற சத்தம். மீராமுகைதீன் எழும்பி உட்கார்ந்தார்.

"அது என்ட வாள்!"

"ஓம். றஸாக் தம்பி இரவல் கேட்டாரு, குடுத்தன்."

"வெட்டுதே!"

"வெட்டும்தானே. நேத்துச் சங்கிலியத் தலைமாறிப் பூட்டியிருந்தன். விடியக்காலமே எழும்பி மறுகா சரியாப் பூட்டிட்டன்."

மீராமுகைதீன் உள்ளங்கைக் கொப்புளங்களை அவள் முன்னால் விரித்துக் காட்டினார்.

"பேசிக்கிட்டிருக்க நேரமில்ல, கெதியா முகத்தக் கழுவுங்க," என்றாள் நாச்சியா. "மாவடிப்பள்ளியில எங்கட தங்கச்சிர வளவுல ஒரு புளியமரம் விழுந்து கிடக்காம். உங்கட கெட்டித்தனத்தக் கேள்விப்பட்டு வண்டில் அனுப்பியிரிக்கா. கோடரிய ஏத்திட்டன்."