உண்ணி அண்ணாச்சியும் ஆலாக்களும்

திருப்பூரில் பனியன் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு கடலுக்காக ஏங்கிய மனிதர் என்று ஒருவர் இருந்தால், அது எங்கள் உண்ணி அண்ணாச்சிதான். நெருப்பெரிச்சல் பகுதியில் நான் பேக்கிங் பார்த்த கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர். ஸ்டீம் முகத்தில் அடிக்கும்போதெல்லாம், "இதுல உப்பு வாடையே இல்லியே" என்று அலுத்துக்கொள்வார்.

இங்கே வரும் முன் அவர் தெற்குக் கடலோரத்தில் பறவை ஆராய்ச்சிக்காரர்களுக்குப் படகு ஓட்டியவர். அங்கே ஒரு மணல் தீவில், அழிந்துவரும் ஆலாப் பறவைகள் சில ஜோடி முட்டையிடும். கூடு என்றால் மணலில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். பக்கத்தில் ஈரப் புல்லும் அழுகிய பாசியும் சேர்ந்தால் உண்ணி பெருகிவிடும். கடி தாங்காமல் தாய்ப்பறவை முட்டையை விட்டு எழுந்து போய்விடும். இந்தக் கதையைக் கேட்காமல் அவரிடம் ஒரு டி-ஷர்ட்கூட அயர்ன் பண்ணி வாங்க முடியாது. டீ நேரத்தில் ஊரிலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு, "குழில உண்ணி கெடக்கால?" என்று கத்துவார். பெயர் வந்தது அப்படித்தான்.

ஒருநாள் என் செக்‌ஷனில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் ஒரு பை நிறையக் காணோம். பார்த்தால், அவர் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது.

"ஒரு தீவையே காய வெக்க இது பத்துமாங்க அண்ணாச்சி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மூணு வருசமா ஒரு குஞ்சு தேறல. இந்த வருசமும் போச்சுன்னா அதுக அந்தத் தீவுக்கே வராது, கேட்டியளா?"

பறவைகள் முட்டையிடும் முன் போய்ப் புல்லை அகற்றி, காய்ந்த சிப்பி மணல் பரப்ப வேண்டுமாம். ஒரு மாதம் லீவு கேட்டார்.

"ஷிப்மென்ட் நேரத்துல பறவைக்குப் பிரசவம் பாக்கப் போறீங்களா? நல்லா இருக்குதுங்க!" என்றார் முதலாளி.

அந்த வாரம் சரக்கு வாங்கும் பையர் தரப்பிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பாலக்காட்டுக்காரர் ஒருவர் வந்தார். அவர் பெயரும் உண்ணி. அண்ணாச்சிக்கு அது தெரியாது. அவர்பாட்டுக்குப் போனில், "உண்ணிய விட்றாதல! ஈரத்துல கெடந்தா கொழுத்துரும். வெயில்ல காயப் போடு, சுருண்டு செத்துரும்!" என்று முழங்கினார்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பனியன் நழுவியது. "ஞான் எந்து தப்பு செய்து?"

முதலாளி ஓடி வந்தார். "ஏனுங்க அண்ணாச்சி, சாரப் போயிக் காயப் போடச் சொல்றீங்களே, அடுக்குமாங்க?"

அண்ணாச்சி பதறிப்போய், ஆலாவிலிருந்து ஆரம்பித்து அழுகிய பாசி வரைக்கும் சொல்லி முடித்தார். இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "பாவம், இவருக்கு லீவு கொடுக்கணும் சாரே" என்றார். ஷிப்மென்ட்டைப் பாஸ் பண்ண வந்தவர் சொன்னால் யார் மறுக்க முடியும்? அன்று சாயங்காலமே அண்ணாச்சி பஸ் ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. வெறும் நீல வானம், ஓரத்தில் ஒரு சாம்பல் புள்ளி. உடனே கூப்பிட்டேன். "என்னங்க அண்ணாச்சி, படத்துல ஒரு கறை தெரியுதுங்க?"

"கறையா? ஏ, அது நம்ம குஞ்சுல்லா! பறந்துட்டு!" பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"எப்பங்க வர்றீங்க?" என்றேன். "வாறேன், வாறேன்" என்றார். வரவில்லை.

அவருடைய அயர்ன் மேசை முன்னால் இப்போது வேறொருவர் நிற்கிறார். வேலையில் கெட்டி, வாயே திறப்பதில்லை. அண்ணாச்சிக்குக் கடல் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும், ஒரே ஒரு டீ நேரத்துக்காவது வந்துவிட்டுப் போயிருக்கலாம்.