தேர் வடமும் வெள்ளைக் கிரீமும்

கண்டி குளிர் ஊர் என்று சொல்கிறவர்களுக்கு என் தோலைக் கொஞ்ச நாள் இரவல் கொடுத்துப் பார்க்க ஆசை. கால் மணி நேரம் வெயில் பட்டால் போதும், எனக்கு உடம்பு சிவந்து தடித்துவிடும். அதனால் எப்போதும் முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை. திகன ஊருக்குப் போகிற பஸ்ஸில் வெயில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நிழல் பக்கம் நின்றுகொண்டே போகிற ஒரே ஆள் நான்தான். (கண்டக்டர் என்னைக் கண்டாலே சிரிப்பார்.)

இது நான் காதலித்த சுகந்திக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரியாது. டவுனில் புடவைக் கடைக்காரர், கோயில் தர்மகர்த்தா. மூத்த மகளுக்கு வந்த நல்ல வரனை, பையன் கையில் தேமல் இருந்தது என்று திருப்பி அனுப்பியவர். எங்கள் விஷயத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தேருக்கு வந்து வடம் புடிக்கட்டும். அப்புறம் தாம்பூலம் மாத்துறதைப் பேசலாம்."

வடம் பிடிக்கிற ஆண்கள் சட்டை போடக் கூடாது. தேர் கிளம்புவதோ நல்ல வெயிலில்.

"அன்னைக்கு ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சிருங்க" என்றாள் சுகந்தி.

சமாளித்தேன். தோல் டாக்டர் கொடுத்த வெள்ளைக் கிரீமை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் கழுத்திலிருந்து இடுப்பு வரை அப்பிக்கொண்டு போனேன்.

தர்மகர்த்தா என்னைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார். "பாருங்கப்பா! இந்தக் காலத்துப் புள்ள, ஒடம்பு பூரா திருநீறு பூசிட்டு வந்திருக்கு!" என்று வடத்தின் முன்வரிசைக்கே இழுத்துப் போனார். (பக்திக்கும் பயத்துக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.)

தேர் நகர்ந்தது. நிழலெல்லாம் கடை ஓரங்களில் இருந்தது, நான் நடுவீதியில் இருந்தேன். வேர்வையில் கிரீம் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. முதுகு அரிக்க ஆரம்பித்தது. கையை எடுத்துச் சொறிந்தால் கல்யாணம் போச்சு. "அரோகரா!" என்று அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் நான்தான், அரிப்பு தாங்காமல்.

அப்போதுதான் சுகந்தியின் ராஜம் அத்தை பக்கத்தில் வந்தார். என் தோளை நாலு விரலால் பயபக்தியோடு வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார். மீதியை வழக்கப்படி வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே! இது விபூதி இல்ல! கசக்குது, ஏதோ மருந்து!"

தர்மகர்த்தா திரும்பி வந்தார். கிரீம் கரைந்த இடமெல்லாம் என் முதுகு தடித்துச் சிவந்திருந்தது. "என்ன வியாதி தம்பி?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

பெண்கள் பக்கமிருந்து சுகந்தி ஓடி வந்தாள். "அவருக்கு வெயில் ஒத்துக்காதுப்பா. தொத்து வியாதி இல்ல. நீங்க வேணாம்னுருவீங்கன்னு நான்தான் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இது தெரிஞ்சுமா வடம் புடிச்சீங்க?"

"ஆமாங்க மாமா."

"மடையா!" என்று இடுப்பில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து என் முதுகில் போர்த்தினார். "போ, பந்தல்ல போய் மோர் ஊத்து. நெழல விட்டு வெளிய வந்தே, காலை ஒடிப்பேன்!" அதுவரை 'வாங்க, போங்க' என்றவர். அந்த 'போ'வில்தான் எனக்குப் போன உயிர் திரும்பியது.

இன்றும் தேரன்று மோர்ப் பந்தல் என் பொறுப்பு. புதிதாக எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் ராஜம் அத்தை என் முன்னால் கூட்டி வந்து நிறுத்திவிடுவார்:

"கத்தரிக்காய அமுக்கிப் பாத்து வாங்குவேன், மாங்காய மோந்து பாத்து வாங்குவேன். இந்த மாப்பிள்ளைய நக்கிப் பாத்துத்தான் எடுத்தோம்!"